தோல் சொன்ன விதியும் நரம்பு சொன்ன திருத்தமும்

புகழ்பெற்ற ஓர் அறிவியல் கட்டுரை கையில் கிடைத்தால் நம்மில் பெரும்பாலோர் அதைப் போற்றுகிறோம். அது பழையது என்று தெரிந்தால் ஒதுக்கி வைக்கிறோம். இரண்டுமே திறனாய்வு ஆகா. ஒரு கட்டுரை எதை நிறுவியது, எதை நிறுவாமல் விட்டது, பிறர் அதை எடுத்துச் சொல்லும்போது புதிதாக என்ன ஒட்டிக்கொண்டது என்று பிரித்துப் பார்ப்பதே திறனாய்வு. அவ்வாறு பார்க்கத் தகுந்த ஒரு கட்டுரையை இங்கே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிலையத்தைச் சேர்ந்த மரபியலறிஞர் எட்வர்டு லூயிஸ், 1978 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆறு பக்கக் கட்டுரை அது. இத்துறையில் செய்த பணிக்காக 1995இல் மருத்துவ நோபல் பரிசு கிறிஸ்தியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் ஆகியோருடன் அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பூச்சியைப் பற்றிய கட்டுரையில் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு விதி எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று கேட்பது எங்கள் வகுப்பறையில் அன்றாட வேலை. சுருள்வில்லின் நீட்சி இழுவிசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ஹூக் விதியைச் சொல்லும்போதே, மீட்சி எல்லையைத் தாண்டினால் அது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். உயிரியலை எளிமையாக எழுதும்போது இந்த இரண்டாம் பாதி பல நேரங்களில் விடுபட்டுப் போகிறது. அதனால் மாணவர்க்கு விளையும் நட்டம் சிறிதன்று.

கட்டுரை சொல்வது என்ன?

அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சிறு ஈ உங்களுக்குத் தெரியும். டிரோசோஃபிலா என்று அதற்குப் பெயர். அதன் உடல் பல கண்டங்களால் ஆனது. தலையை அடுத்து மார்பில் மூன்று கண்டங்கள். அதன் பின் வயிற்றுக் கண்டங்கள். மார்புக் கண்டம் ஒவ்வொன்றிலும் ஒரு சோடிக் கால்கள் உள்ளன. இரண்டாம் மார்புக் கண்டத்தில் சிறகுகளும், மூன்றாவதில் சிறகுக்குப் பதிலாகக் குமிழ் முனை கொண்ட இரு சிறு தண்டுகளும் உள்ளன. பறக்கும்போது உடலைச் சமநிலையில் வைக்க இத்தண்டுகள் உதவுகின்றன. வயிற்றுக் கண்டங்களில் காலும் இல்லை, சிறகும் இல்லை.

ஒரே அச்சில் வார்த்தவை போலத் தொடங்கும் கண்டங்கள் எவ்வாறு வெவ்வேறாகின்றன? பைதோராக்ஸ் தொகுதி என்னும் ஜீன்களின் கூட்டமே இதற்குக் காரணம் என்று லூயிஸ் காட்டினார். அவருடைய கருத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். இரண்டாம் மார்புக் கண்டத்தின் நிலையே அடிப்படை நிலை. அங்கிருந்து பின்னோக்கிச் செல்லச் செல்ல, இத்தொகுதியின் ஜீன்கள் ஒவ்வொன்றாகக் கூடுதலாக விழித்துக்கொள்கின்றன. சில ஜீன்கள் பின்சிறகை அடக்குகின்றன; சில, வயிற்றுக் கண்டங்களில் கால் முளைக்காமல் தடுக்கின்றன. நிறத்திரியில் இவை அமைந்திருக்கும் வரிசையும், உடலில் இவை பணிபுரியும் வரிசையும் ஒன்றாகவே உள்ளன. இத்தகைய ஜீன்கள் குறைந்தது எட்டு இருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். தொகுதி முழுவதையும் இழந்த கருவில் மூன்றாம் மார்புக் கண்டமும் பெரும்பாலான வயிற்றுக் கண்டங்களும் இரண்டாம் மார்புக் கண்டத்தைப் போலவே அமைந்துவிடுகின்றன. அதுவே அவருடைய வலிமையான சான்று.

இக்கட்டுரையின் பெருமையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. பல தலைமுறை ஈக்களை வளர்த்து, கலப்புச் செய்து, கண்ணால் கண்ட மாறுதல்களைக் கொண்டே அவர் இம்முடிவுக்கு வந்தார். நிறத்திரி வரிசையும் உடல் வரிசையும் ஒத்திருக்கும் என்ற கருத்து, பின்னர் எலி, மனிதன் ஆகிய முதுகெலும்பிகளிலும் மெய்யாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நிற்கும் கருத்துகள் அறிவியலில் அதிகம் இல்லை.

அப்படியானால் குறை எங்கே? லூயிசின் சான்றுகளில் பெரும்பகுதி உடலின் மேற்பரப்பில் தெரிபவை. புழுவின் தோலில் உள்ள முள்வரிசைகள், மூச்சுக் குழல்கள், முதிர்ந்த ஈயின் சிறகு, கால் ஆகியவை அவை. ஒரு கண்டத்துக்கு ஓர் அடையாளம் என்று அவர் பேச முடிந்ததும் இதனால்தான். தோலை வைத்து எழுதிய இந்த விதி, தோலுக்கு உள்ளே உள்ள நரம்பு மண்டலத்துக்கும் அப்படியே பொருந்துமா?

நரம்பைச் சாட்சிக்கு அழைப்போம்

பூச்சிக் கருவில் நரம்பணுக்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். நியூரோபிளாஸ்ட் எனப்படும் பெரிய உயிரணுக்களை நாம் நரம்புத் தாயணு என்று அழைக்கலாம். அமெரிக்கப் பூச்சியியலார் வில்லியம் மார்ட்டன் வீலர் 1891லேயே இவற்றை விவரித்துள்ளார். தாயணு பிளவுறும்போது இரு சம பாதிகளாவதில்லை. ஒரு பக்கம் சிறிய மகளணு பிரிகிறது. மறு பக்கம் தாய் தாயாகவே நிற்கிறது. மகளணு வழக்கமாக ஒரே ஒரு முறை பிளந்து இரு நரம்பணுக்களாகவோ, கிளையா எனப்படும் துணையணுக்களாகவோ மாறுகிறது. தாய் மீண்டும் மீண்டும் இவ்வாறு பெற்றுக்கொண்டே போகிறது. ஒரு தாயணுவின் வழித்தோன்றல்கள் அனைத்தையும் சேர்த்து அதன் கால்வழி என்போம்.

1976இல் மைக்கேல் பேட் என்ற ஆய்வாளர் வெட்டுக்கிளிக் கருவில் இத்தாயணுக்களின் வரைபடத்தை வெளியிட்டார். கண்டத்தின் ஒவ்வொரு பாதியிலும் ஏறக்குறைய முப்பது தாயணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மார்பிலும் வயிற்றிலும் இந்த அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஈயிலும் பாதிக் கண்டத்துக்குச் சுமார் முப்பது தாயணுக்கள்தாம். நிற்கும் இடத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் 1-1, 6-4, 5-6 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். எனவே, மார்பில் உள்ள 1-1 தாயணுவையும் வயிற்றில் உள்ள 1-1 தாயணுவையும் எடுத்து ஒப்பிட முடியும். லூயிசின் விதியைச் சோதிக்க இதைவிட நல்ல களம் ஏது?

முதல் சாட்சி 1-1 தாயணு. 1993இல் ஜெர்மனியில் கெர்கார்ட் டெக்னாவின் குழுவினர் இதன் கால்வழியை ஆராய்ந்தனர். வயிற்றில் இது சில நரம்பணுக்களையும் மூன்று கிளையா அணுக்களையும் தருகிறது. மார்பிலோ நரம்பணுக்கள் அதிகம், கிளையா ஒன்றுமில்லை. கரு மிக இளமையாக இருக்கும்போதே ஓரிடத்து முன்னணுவை எடுத்து வேறிடத்தில் நட்டுப் பார்த்தனர். வயிற்றிலிருந்து மார்புக்குச் சென்ற அணு, புதிய அயலாரைப் பின்பற்றாமல் தான் பிறந்த இடத்துக்கு உரியபடியே நடந்துகொண்டது. வயிற்று வகைக்குப் பைதோராக்ஸ் தொகுதியைச் சேர்ந்த அல்ட்ராபைதோராக்ஸ், அப்டாமினல்-ஏ ஆகிய ஜீன்கள் தேவைப்பட்டன. மார்பு வகையே அடிப்படை நிலையாகத் தெரிந்தது. இது லூயிசுக்குக் கிடைத்த பெரிய வெற்றி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பின்கண்டத்தில் ஜீன் கூடியதால் கால்வழி கூடவில்லை. கிளையா வந்தது, நரம்பணுக்கள் குறைந்தன.

இரண்டாம் சாட்சி 6-4 தாயணு. மார்பில் இது நரம்பணு, கிளையா இரண்டையும் உண்டாக்குகிறது. வயிற்றில் ஒரே முறை பிளந்து இரண்டு கிளையா அணுக்களைத் தந்துவிட்டு நின்றுவிடுகிறது. முதல் சாட்சியில் வயிறு கிளையாவைச் சேர்த்தது. இங்கே நரம்பணுவை நீக்குகிறது. காரணத்தை டெக்னாவின் குழுவினரும் நம் நாட்டு ஆய்வாளர் சசிதராவின் குழுவினரும் சேர்ந்து 2005இல் வெளியிட்டனர். உயிரணுப் பிளவை நடத்தும் சைக்ளின்-ஈ என்ற புரதம் மார்பின் 6-4 தாயணுவில் இருக்கிறது. வயிற்றில் அப்டாமினல்-ஏ, அப்டாமினல்-பி ஆகியவை அதை அடக்கிவிடுகின்றன. முகவரி ஜீன், பிளவின் இயந்திரத்திலேயே கைவைக்கிறது.

மூன்றாம் சாட்சி 5-6 தாயணு. இதன் கதை இன்னும் சுவையானது. நரம்புத் தாயணுவுக்குள் ஒரு கடிகாரம் உண்டு என்பதைக் கிறிஸ் டோவின் குழுவினர் 2001இல் தெளிவாக்கினர். ஹஞ்ச்பேக், குரூப்பெல் முதலிய புரதங்கள் தாயணுவில் ஒன்றன்பின் ஒன்றாக, மாறாத வரிசையில் தோன்றி மறைகின்றன. முதலில் பிறந்த மகள் ஒருவகை, பின்னர் பிறந்தவள் வேறுவகை என்பது இவ்வாறு தீர்மானமாகிறது. மார்பில் 5-6 தாயணு கடைசியாகப் பெறும் நான்கு நரம்பணுக்கள் தனித்தன்மை வாய்ந்தவை. வயிற்றில் அவை இல்லை; தலைப் பக்கத்திலும் இல்லை. இரண்டு இடத்திலும் இல்லாமைக்குக் காரணம் ஒன்றே என்றுதான் நாம் நினைப்போம். 2010இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டெஃபான் தோரின் குழுவினர் கண்டது வேறு. வயிற்றில் பைதோராக்ஸ் தொகுதி கடிகாரத்தை முன்னதாகவே நிறுத்திவிடுகிறது; அந்த நால்வர் பிறப்பதே இல்லை. தலைப் பக்கத்திலோ அவர்கள் பிறக்கிறார்கள். ஆனால் உரிய வேலைக்கு வேண்டிய ஆன்டென்னபீடியா முதலிய புரதங்கள் அங்கே கிடைக்காததால் வேறு வழியில் போய்விடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல 'இல்லை'. உள்ளே சென்று பார்த்தால் ஒன்று பிறவாமை, மற்றொன்று பிறந்தும் ஆகாமை.

இறப்பும் ஒரு கருவி

நான்காம் சாட்சி புழுப் பருவத்திலிருந்து வருகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் ஈப்புழுவுக்குக் கால் இல்லை. ஊர்ந்து செல்ல வேண்டிய நரம்புகள் கருவிலேயே அமைந்துவிட்டன. பின்னால் முதிர்ந்த ஈக்கு வேண்டிய நரம்பணுக்களைத் தயாரிக்கச் சில தாயணுக்கள் புழுப் பருவத்தில் மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன. 1988இல் ஜேம்ஸ் ட்ரூமனும் மைக்கேல் பேட்டும் இவற்றை எண்ணினர். மார்பின் பாதிக் கண்டத்தில் இருபதுக்கு மேற்பட்டவை உள்ளன. நடு வயிற்றின் பாதிக் கண்டத்தில் மூன்றே மூன்று. மற்றவை கருப் பருவத்தின் முடிவிலேயே இறந்துவிடுகின்றன.

அந்த மூன்றும் நீண்ட நாள் வாழ்வதில்லை. மார்பில் ஒரு தாயணு நூறையொட்டிய வழித்தோன்றல்களைத் தரும்போது, இவை பத்தையொட்டித் தந்துவிட்டு மடிகின்றன. 2003இல் புரூனோ பெல்லோ, ஃபிராங்க் ஹிர்த், அலெக்ஸ் கோல்டு ஆகியோர் காரணத்தைக் கண்டுபிடித்தனர். புழுவின் மூன்றாம் பருவத்தில் அப்டாமினல்-ஏ புரதம் இத்தாயணுக்களில் சிறிது நேரம் தலைகாட்டுகிறது. அதுவே சாவு மணி. அந்தப் புரதத்தை நீக்கிவிட்டால் தாயணு சாகாமல் தொடர்ந்து பிளக்கிறது. மார்புத் தாயணுவில் அதைப் புகுத்தினால் மார்புத் தாயணுவும் மடிகிறது.

இதிலிருந்து 'பின்கண்ட ஜீன்கள் கொல்லும்' என்று ஒரு புது விதி எழுதிவிடலாமா? கூடாது. ஐந்தாம் சாட்சி உடனே மறுக்கிறது. கருவில் முதன்முதலாக நரம்பிழை ஓட்டி மற்றவற்றுக்கு வழிகாட்டும் சில முன்னோடி நரம்பணுக்கள் உள்ளன. அந்த வேலை முடிந்ததும் முன்கண்டங்களில் அவை இறந்துவிடுகின்றன. வயிற்றின் கடைக்கோடிக் கண்டங்களில் மட்டும் பிழைத்திருந்து பின்குடலுக்கு நரம்பு அனுப்புகின்றன. 2004இல் ஐரீன் மிகெல்-அலியாகாவும் ஸ்டெஃபான் தோரும் காட்டியபடி, அங்கே அவற்றைச் சாவிலிருந்து காப்பது அப்டாமினல்-பி. ஒரே தொகுதியைச் சேர்ந்த இரு ஜீன்களில் ஒன்று ஓரிடத்தில் கொல்கிறது. மற்றொன்று வேறோரிடத்தில் காக்கிறது.

தீர்ப்பு என்ன?

ஐந்து சாட்சிகளையும் கேட்டபின் லூயிசின் கட்டுரையை எப்படி மதிப்பிடுவது? மூன்று கூறுகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கண்டத்துக்கு முகவரி தருவது பைதோராக்ஸ் தொகுதி என்ற மையக் கருத்து. தோலில் உண்மையான அது நரம்பிலும் உண்மையே. மார்பு நிலை அடிப்படை என்பதும் 1-1 தாயணுவில் உறுதிப்பட்டது. இதில் கட்டுரைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

இரண்டாவது, தோற்றத்தை எண்ணி ஜீன்களை எண்ணியது. குறைந்தது எட்டு என்றார் லூயிஸ். 1985இல் கினெஸ் மொராட்டாவும் அவருடன் பணியாற்றிய ஸ்பெயின் ஆய்வாளர்களும் உடலை அமைக்கும் ஜீன்கள் மூன்றே என்று காட்டினர். அல்ட்ராபைதோராக்ஸ், அப்டாமினல்-ஏ, அப்டாமினல்-பி ஆகியவையே அம்மூன்று. லூயிஸ் தனி ஜீன்கள் என்று கருதியவற்றில் பல, இம்மூன்றும் எந்தக் கண்டத்தில் எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்று ஆணையிடும் பகுதிகள். கண்டத்துக்கொரு ஜீன் என்ற படிக்கட்டுச் சித்திரம் இங்கே தளர்கிறது. அன்று மூலக்கூறு அளவில் பார்க்கும் வசதி இல்லாத நிலையில் இது மன்னிக்கத்தக்கது. ஆனால் இன்றும் எட்டுப் படிக்கட்டை வரைந்து காட்டுவது மன்னிக்கத்தக்கதன்று.

மூன்றாவது, காலம். லூயிசின் மாதிரியில் தொடக்கத்தில் எழுதிய முகவரி கடைசிவரை அழியாமல் இருக்க வேண்டும் என்பதே காலத்துக்கு உள்ள இடம். நரம்பு மண்டலமோ வேறு வகையான காலத்தைக் காட்டுகிறது. 5-6 தாயணுவில் முகவரியும் கடிகாரமும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. புழுவின் வயிற்றில் அப்டாமினல்-ஏ குறித்த வேளையில் வந்து போகும் சமிக்ஞையாகிவிடுகிறது. எங்கே என்று கேட்டால் மட்டும் போதாது. எப்போது, எந்தத் தாயணுவில் என்றும் கேட்க வேண்டும். மூன்று கேள்விகளில் ஒன்றுக்கே விடைசொல்லும் மாதிரியை வைத்து மற்ற இரண்டின் விடையைக் கணக்கிட முடியாது. இயற்பியல் மொழியில் சொன்னால், ஒரே மாறியை வைத்து எழுதிய சமன்பாட்டில் மேலும் இரு மாறிகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பழைய சமன்பாடு பொய்யாகிவிடவில்லை. அதன் எல்லை தெரிந்துவிட்டது.

குறையில் பெரும்பங்கு கட்டுரையினுடையது அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜீன்கள் கூடுகின்றன என்று லூயிஸ் சொன்னார். உறுப்புகள் கூடுகின்றன என்று சொல்லவில்லை. எடுத்துச் சொன்னவர்கள்தாம் நான்கு சிறகு ஈயின் படத்தை அச்சிட்டு, 'ஒரு தலைமை ஜீன் விசையைத் தட்டினால் ஒரு கண்டம் அப்படியே மற்றொன்றாகிவிடும்' என்று எழுதினர். அந்த ஈயைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அதன் கூடுதல் சிறகுகளுக்குக் கீழே, முன்சிறகுகளுக்கு உள்ளதைப் போன்ற பெரிய பறக்கும் தசைகள் இல்லை. 1994இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஜயராகவனும் அவருடைய கூட்டாளிகளும் இந்தத் தசைக் குறைபாட்டை விரிவாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் லூயிசும் ஒருவர் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். தம் விதியின் எல்லையைத் தேடும் வேலையில் அவரே கைகொடுத்தார். அவரைப் போற்றுவோர் பலர் அதைச் செய்யவில்லை.

வாசகர்க்கு இதனால் என்ன?

ஈயின் வயிற்றில் மூன்று தாயணுக்கள் இருந்தால் என்ன, முப்பது இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். நம் பாடநூல்களும் எளிய கட்டுரைகளும் 'இந்தப் பண்புக்கு இந்த ஜீன்' என்று எழுதிப் பழகிவிட்டன. உயரத்துக்கு ஒரு ஜீன், அறிவுக்கு ஒரு ஜீன், குணத்துக்கு ஒரு ஜீன் என்று அது வளர்ந்துகொண்டே போகிறது. மனிதரைப் பிறப்பால் தரம்பிரிக்க விரும்புவோர்க்கு இது வசதியான மொழி. சில நூறு ஆயிரம் நரம்பணுக்களுக்கு மேல் இல்லாத ஓர் ஈயிலேயே, ஒரு ஜீனுக்கு ஒரு விளைவு என்று சொல்ல முடியவில்லை. அதே தொகுதி ஓரிடத்தில் கிளையாவைச் சேர்க்கிறது, ஓரிடத்தில் நரம்பணுவை நீக்குகிறது, ஓரிடத்தில் கடிகாரத்தை நிறுத்துகிறது, ஓரிடத்தில் கொல்கிறது, ஓரிடத்தில் காக்கிறது. இதை அறிந்த மாணவன், மனிதரின் குணத்துக்கு ஒரே ஜீனைக் காட்டும் செய்தியைப் படிக்கும்போது எளிதில் ஏமாறமாட்டான்.

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. மேலே கண்டவற்றில் பெரும்பகுதி ஒரே ஓர் ஈ இனத்திலிருந்து கிடைத்தவை. வெட்டுக்கிளி புழுவாகப் பிறப்பதில்லை; முட்டையிலிருந்து வரும்போதே கால்களுடன் குதிக்கிறது. அதன் கண்ட நரம்பு முடிச்சுகளுக்கு வேண்டிய நரம்பணுக்கள் கருவிலேயே பிறந்துவிடுகின்றன. அங்கும் வயிற்றுத் தாயணுக்கள் மார்புத் தாயணுக்களைவிடக் குறைவாகவே பெறுகின்றன. ஆனால் ஈயில் உள்ளது போன்ற இரண்டாம் தவணை இல்லை. தொடக்க வரைபடம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் கால அட்டவணை மாறியிருக்கிறது. ஈயின் விதியைப் பூச்சிகள் அனைத்துக்கும் பொதுவிதி என்று எழுதுமுன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை 'ஜீன் கண்டுபிடிக்கப்பட்டது' என்ற தலைப்பைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த இடத்தில்? எந்த வேளையில்? எந்த உயிரணுவில்? மூன்றுக்கும் விடை அக்கட்டுரையில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்றுக்கு மட்டும் விடை இருந்தால், அந்த ஒன்றுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் தேடிப் படியுங்கள். லூயிசின் கட்டுரைக்கு அவருக்குப் பின் வந்தவர்கள் செய்தது அதுவே.